வகுப்பெடுத்த கொத்தனார்கள்

1812 ஏப்ரல் 6-ஆம் தேதி இரவு, ஸ்பெயினின் படஹோஸ் கோட்டைமீது பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படை பாய்ந்தது. பீரங்கிகள் மதிலில் உண்டாக்கியிருந்த பிளவுகளின் வழியே ஏற முயன்றவர்களைப் பிரெஞ்சுக் காவல்படை அலையலையாகச் சாய்த்தது. மூன்று வார முற்றுகையில் பிரிட்டிஷ், போர்த்துகீசியப் படைகளின் இழப்பு, இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக, ஏறத்தாழ 4,700 பேர். அவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரே இரவில் விழுந்தவர்கள். விடிந்தபின் பிளவுகளில் கிடந்த உடல்களைப் பார்த்து வெலிங்டன் கண்ணீர் விட்டதை உடனிருந்தோர் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இத்தனை உயிர் போனதற்குக் காரணம் தேடினால் மண்வெட்டியில் வந்து நிற்கிறோம். அக்காலக் கோட்டைப் போரில் பாதிக்கு மேல் மண்வேலை. மதிலை நெருங்க வேண்டுமென்றால், எதிரியின் குண்டு நேராகப் பாயாதபடி வளைந்து வளைந்து பதுங்குவழி வெட்டிக்கொண்டே போக வேண்டும். அகழியின் விளிம்பை அடைந்ததும் அடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்து வைத்து, அகழியின் வெளிச்சுவரை உள்ளே சரித்துச் சரிவுப்பாதை அமைக்க வேண்டும். பொறுமையாக இதையெல்லாம் செய்துமுடித்தால் கடைசித் தாக்குதலில் சாகிறவர்கள் குறைவு. செய்யத் தெரியாவிட்டால் மனித உடல்களால்தான் அகழி நிரம்பும். வெலிங்டனிடம் பொறியாளர் அதிகாரிகள் சிலர் இருந்தார்கள். அவர்கள் சொன்னதைச் செய்யப் பழகிய கைகள் இல்லை. காலாட்படையிலிருந்து அனுப்பப்பட்ட சிப்பாய்கள், இருட்டில், குண்டுமழைக்கு நடுவே, அங்கேயே மண்வெட்டக் கற்றார்கள். படஹோஸுக்கு இரண்டு மாதம் முன்பே, பிப்ரவரியில், போர்த்துறை அமைச்சராக இருந்த லிவர்பூல் பிரபுவுக்கு வெலிங்டன் எழுதிவிட்டார்: பிரெஞ்சுப் பெரும்படை ஒவ்வொன்றிலும் பதுங்குவழி வெட்டும் பட்டாளமும் சுரங்கம் தோண்டும் அணியும் இருக்கின்றன, நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லை என்று.

அதே நேரத்தில் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் 31 வயதுப் பொறியாளர் ஒருவர், தம் பொறுப்பிலிருந்த கொத்தனார்களும் தச்சர்களும் வடிவியல் கற்க வழி செய்துகொண்டிருந்தார். அவர்களுக்கு வாத்தியாரை வைக்கவில்லை. அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்திருந்தார். அவர் பெயர் சார்லஸ் வில்லியம் பாஸ்லி. ராணுவப் பொறியியலின் வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு. கல்வியின் வரலாற்றில் அநேகமாக யாரும் அவரைச் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணத்தில் ஒரு பங்கு சென்னை எழும்பூரைச் சேர்ந்தது.

பாஸ்லி 1780 செப்டம்பர் 8-இல் தெற்கு ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மியூரில் பிறந்தவர். பாலங்களும் கால்வாய்களும் கட்டிப் புகழ்பெற்ற தாமஸ் டெல்ஃபோர்டும், கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் பம்பாய் கவர்னர் பதவிவரை உயர்ந்த ஜான் மால்கமும் அதே எஸ்க்டேல் பள்ளத்தாக்குக்காரர்கள். எட்டு வயதில் பாஸ்லி கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை வாசிக்கக்கூடியவராக இருந்தார் என்று சொல்வார்கள். 1796-இல் வூலிச் ராணுவக் கழகம், 1797-இல் பீரங்கிப் படை, 1798-இல் பொறியாளர் படை. பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் மத்தியதரைக் கடலைச் சுற்றியும் வட ஐரோப்பாவிலும் ஓயாத அலைச்சல்: மினோர்கா, மால்டா, நேப்பிள்ஸ், சிசிலி, 1807-இல் கோபன்ஹேகன், அதற்கடுத்து ஜெனரல் மூருடன் ஸ்பெயின், கொருன்னாப் பின்வாங்கல். மால்டாவில் இருந்தபோது, அங்கு வந்து தங்கிய கவிஞர் கோல்ரிட்ஜ் அவருக்கு நண்பரானார்.

1809 ஆகஸ்டில் நெதர்லாந்தின் ஃபிளஷிங் முற்றுகையில், கடற்கரை அணைமீது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்திருந்த ஒரு நிலையைத் தாக்கிய குழுவுக்குப் பாஸ்லி தலைமை தாங்கினார். தொடையில் துப்பாக்கி ஈட்டி பாய்ந்தது. ஒரு குண்டு முதுகெலும்பைக் காயப்படுத்தியது. ஓராண்டுக்கு மேல் படுக்கை. களத்துக்குத் திரும்பும் உடல்நிலை அவருக்குப் பிறகு வாய்க்கவே இல்லை. படுக்கையில் கிடந்தபடியே ஜெர்மன் கற்றுக்கொண்டார். பிரிட்டிஷ் பேரரசின் ராணுவக் கொள்கையையும் அமைப்புகளையும் பற்றி ஒரு நூலை எழுதி 1810 இறுதியில் வெளியிட்டார். கடற்படையை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் நாடு தோற்கும், நிலத்தில் போரிட்டு வெல்லக் கற்க வேண்டும் என்பது அதன் வாதம். நூல் பரபரப்பாக விற்று, சில ஆண்டுகளில் நான்கு பதிப்புகள் கண்டது. 1811-இல் வேர்ட்ஸ்வொர்த் அவருக்கு நீண்ட கடிதம் எழுதி விவாதித்தார். 1813 ஜனவரியில் ஜேன் ஆஸ்டின் அதைப் படித்துவிட்டு, எழுதியவர்மீது தமக்கு ஏற்பட்ட ஈர்ப்பைத் தம் அக்காவுக்குக் கடிதத்தில் தெரிவித்தார்.

பேரரசு ஆயுதபலத்தால் விரிய வேண்டும் என்று மனப்பூர்வமாக நம்பிய ஒருவரின் நூல் அது. இதை மறைத்துவிட்டு அவருடைய பள்ளியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. அவர் கட்டிய கல்வி முறை முழுவதும் அந்த நம்பிக்கைக்குப் பணிசெய்யத்தான் பிறந்தது.

1811-இல் அவருக்குப் பிளிமத்தில் ஓர் அணி கிடைத்தது. அரச படைக் கைவினைஞர்கள் என்று அந்தப் பிரிவுக்குப் பெயர், 1787-இல் அமைக்கப்பட்டது. கொத்தர், தச்சர், கொல்லர், செங்கல் வேலைக்காரர் என்று தொழில் தெரிந்தவர்களைச் சேர்த்துத் துறைமுகந்தோறும் ஓர் அணியாக நிறுத்தியிருந்தார்கள். ஆண்டுக்கணக்காக ஒரே ஊரில் இருந்து, மணமுடித்து, பிள்ளைகுட்டிகளோடு அங்கேயே நிலைத்துவிட்டவர்கள் பலர். கோட்டைச் சுவரைப் பழுதுபார்ப்பார்கள், படைவீடுகளைக் கட்டுவார்கள். கைவேலையில் குறைசொல்ல முடியாதவர்கள். ஆனால் ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்து அதைத் தரையில் இறக்கச் சொன்னால் அதிகாரி அருகில் நிற்க வேண்டியிருந்தது. அன்றைய படையில் வடிவியலும் திட்ட வரைவும் அதிகாரிகளின் சொத்து. வூலிச்சில் பேராசிரியர்கள் அதைக் கற்பித்தார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு அது எதற்கு, அவனுக்கு அது ஏறுமா என்பதுதான் பொதுவான எண்ணம்.

பாஸ்லி இந்த எண்ணத்தை ஏற்கவில்லை. ஆனால் சிப்பாய்களுக்குப் பாடம் நடத்தக் கணித ஆசிரியர்களை யார் கொடுப்பார்கள்? அவர் கண்ட வழி இது. செய்முறை வடிவியலையும் திட்ட வரைவையும் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து எழுதினார். ஒவ்வொரு படியும் முந்தையதை முடித்தவனுக்குத் தானாகப் புரிய வேண்டும். முடித்தவன் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் முடிய வேண்டும். சார்ஜென்ட்களும் கார்ப்பரல்களும் முதலில் தாங்களாகக் கற்று, பிறகு தங்கள் ஆட்களுக்கு, துப்பாக்கிப் பயிற்சியைக் கொடுப்பதுபோல அதே ஒழுங்கில், பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு கோட்டைக் கவராயத்தால் சரிபாதியாக்குவது, கொடுத்த புள்ளியில் செங்குத்து எழுப்புவது, ஒரு கோணத்தை இன்னோர் இடத்துக்கு அப்படியே பெயர்ப்பது: செய்முறை வடிவியல் இப்படித்தான் தொடங்கும். மூலைமட்டமும் தூக்குக்குண்டும் பிடித்துப் பழகிய கொத்தனாருக்கு இது அந்நியமான உலகமே கிடையாது. நம் ஊரில் வீட்டுக்கு அடித்தளம் போடும்போது கயிற்றை மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று பிடித்து மூலை பார்க்கிறாரே மேஸ்திரி, அவர் பித்தாகரஸ் தேற்றத்தில்தான் நிற்கிறார். கை ஏற்கெனவே அறிந்ததைக் காகிதத்தில் ஏற்றிக் காட்டியதுதான் பாஸ்லி செய்தது. பலன் பிளிமத்தில் விரைவிலேயே தெரிந்தது. பொறியாளர்கள் குழு ஒன்று ஆராய்ந்து, இந்த முறை நல்லது என்று மேலிடத்துக்கு அறிக்கை கொடுத்தது.

பெல், லான்காஸ்டர் ஆகியோரின் கல்வி முறைகளைத்தான் பாஸ்லி எடுத்து மாற்றிப் பயன்படுத்தினார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று எழும்பூருக்குப் போய்வர வேண்டும்.

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்த பாதிரியார். 1787-இல் சென்னை வந்தவர், 1789-இல் எழும்பூரில் ராணுவ ஆண் அநாதை இல்லத்தின் மேற்பார்வையை ஏற்றார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் இந்தியத் தாய்மாரிடம் பிறந்த பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது வழியில் ஒரு மலபார்ப் பள்ளியைப் பார்த்தார் பெல். தமிழரை அன்றைய ஆங்கிலேயர் அப்படித்தான் அழைத்தார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். தம் இல்லத்திலும் மணலில் எழுத்துக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். சம்பள ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். எட்டு வயதுப் பையன் ஜான் ஃபிரிஸ்கனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். அங்கிருந்து ஒவ்வொரு வகுப்பும் மூத்த மாணவர்களின் கைக்குப் போயிற்று. பெல் 1796-இல் ஊர் திரும்பி, அடுத்த ஆண்டு சென்னை இல்லத்தில் செய்த கல்விச் சோதனை பற்றிய சிறு நூலை வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

மணலை மட்டும்தான் உள்ளூரிலிருந்து எடுத்தேன், மாணவனை ஆசிரியனாக்கியது என் கண்டுபிடிப்பு என்ற தொனியில்தான் பெல் எழுதினார். இதை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இல்லாத காலம் எது? மேல்படியில் இருக்கும் பையன் கீழ்ப்படியில் இருப்பவனுக்கு எழுத்துக் கூட்டுவதும் எண்சுவடி சொல்லவைப்பதும் அந்தப் பள்ளியின் அன்றாடம். 1623-இல் இக்கேரி நாட்டுப் பக்கம் பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வல்லே, ஒரு கோயில் முற்றத்தில் சில சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமலே ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லி, மணலில் எழுதிப் பழகியதை வியந்து குறித்திருக்கிறார். பெல் சென்னையில் காலடி வைப்பதற்கு 160 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி அது. எழும்பூர் இல்லத்தில் பெல் கண்டுபிடித்ததாகச் சொன்னது அந்த இல்லத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் வெகுகாலமாக நடந்துகொண்டிருந்த ஒன்று.

அந்த இல்லத்தின் மாணவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1794-இல் பிணையாக வைத்திருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியபோது கூடச் சென்ற தூதுக்குழுவில் வில்லியம் ஸ்மித் என்ற 17 வயது மாணவன் இருந்தான். அறிவியல் கருவிகளைத் திப்புவின் முன்னே இயக்கிக் காட்டி விளக்கியவன் அவன். அதே ஆண்டு நில அளவையாளர் மைக்கேல் டாப்பிங் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியபோது அதில் சேர்க்கப்பட்டவர்கள் எழும்பூர் இல்லத்துப் பையன்கள். பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அந்தப் பள்ளிதான். ஆக, மாணவரே ஆசிரியராகும் வகுப்பறையிலிருந்து பொறியியல் பணிக்கு ஆள் எடுப்பது, பிளிமத்துக்கு 17 ஆண்டுகள் முன்பே சென்னையில் நடந்துவிட்டது.

லண்டனில் ஜோசப் லான்காஸ்டர் என்ற குவேக்கர் 1798-இல் சதர்க் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியும் இதே வழியில் போயிற்று. யார் முதலில் கண்டார்கள் என்று பெல் தரப்புக்கும் லான்காஸ்டர் தரப்புக்கும், அரசுத் திருச்சபைக்கும் மாற்றுச் சபையாருக்கும் நடந்த சண்டை வெகுநாள் நீடித்தது. கோல்ரிட்ஜ் 1808-இல் லண்டன் மேடையிலேயே லான்காஸ்டரைத் தாக்கிப் பேசினார். பாஸ்லி இந்தச் சண்டைக்குள் போகவில்லை. இருவரிடமிருந்தும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டதைவிட முக்கியம், அவர் விட்டது. ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு அளவோடு போதும், எழுத்தும் கணக்கும்கூட எல்லாருக்கும் தேவையில்லை என்று பெல் வெளிப்படையாக எழுதியவர். தன் நிலைக்கு மேல் படித்தவன் தன் நிலையில் தங்கமாட்டான் என்ற அச்சம் அவரிடம் இருந்தது. மலிவாகக் கற்பிக்க ஒரு வழி கண்டுவிட்டு, எதைக் கற்பிக்கலாம் என்பதற்குத் தாழ்வான கூரை போட்டார். பாஸ்லி அந்த வழியை வைத்துக்கொண்டு கூரையை எடுத்துவிட்டார். வேதவாசகத்துக்கும் அரிச்சுவடிக்கும் போதும் என்று கருதப்பட்ட முறையில் வடிவியலும், அளவு பிசகாத வரைவும், கோட்டை அமைப்பும் பயிற்றுவித்தார். கருணையால் செய்தாரா என்றால் இல்லை. படைக்குத் தேவைப்பட்டது, செய்தார். அறச்சங்கங்கள் துணியாததை ஒரு முற்றுகைப் போரின் தேவை செய்யவைத்தது. கல்வி வரலாற்றில் அவருக்கு இடம் கேட்பதற்கு என்னுடைய ஆதாரம் இதுதான்.

1812 ஏப்ரல் 23-ஆம் தேதி, படஹோஸ் விழுந்த மூன்று வாரத்துக்குள், கென்ட் மாவட்டத்தில் மெட்வே ஆற்றங்கரையிலுள்ள சாத்தத்தில் களப் பயிற்சி நிலையம் அமைக்க அரச ஆணை வந்தது. பாஸ்லி அதன் இயக்குநர் ஆனார். 1841 வரை, ஏறக்குறைய 30 ஆண்டுகள், அந்தப் பொறுப்பை விட்டு விலகவில்லை. கைவினைஞர் படையும் உருமாறி 1813-இல் அரச சாப்பர்கள் (பதுங்குவழி வெட்டுவோர்), சுரங்கக்காரர்கள் படை என்று பெயர்பெற்றது. பிளிமத்தில் எழுதத் தொடங்கிய பாடங்கள் 1814-இல் முதல் தொகுதியாகவும் 1817-இல் அடுத்த இரண்டாகவும் அச்சேறின. வூலிச்சில் படித்து முடித்த இளம் பொறியாளர் அதிகாரிகளும் சாத்தத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்றாயிற்று. படைவீரர்கள் கற்ற அதே வேலைகளை அவர்களும் நேரில் பார்த்துக் கற்றார்கள்.

அங்கே கற்ற வேலைகளில் ஒன்றை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பதுங்குவழி வெட்டுவதற்கு நான்கு பேர் ஒரு வரிசை. எல்லாருக்கும் முன்னால், மிலாறுகளால் முடைந்து உள்ளே குச்சிக்கட்டுகள் திணித்த பெரிய உருளைக்கூடை ஒன்று கிடக்கும்; துப்பாக்கிக் குண்டு அதைத் துளைக்காது. அதன் மறைவில் மண்டியிட்டு முதல் ஆள் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி ஆழமுமாக வெட்டுகிறார். எதிரிப் பக்கமாக அடியில்லாத வெற்றுக்கூடை ஒன்றை நிறுத்தி, வெட்டிய மண்ணை அதற்குள் போடுகிறார். இரண்டாமவர் பின்னால் வந்து அரையடி அகலமும் அரையடி ஆழமும் கூட்டுகிறார். மூன்றாமவரும் நான்காமவரும் அப்படியே. நால்வரும் கடந்ததும் மூன்றடி ஆழமும் மூன்றடி அகலமும் கொண்ட வழி மிஞ்சுகிறது. பக்கத்தில் மண் நிறைந்த கூடைகளின் சுவர். கூடை நிறைந்தால் உருளை ஒரு முழம் முன்னே நகரும். அளவு அரையடி பிசகினால் முன்னால் இருப்பவரின் தலை வெளியே தெரியும். இரவில், பேச்சில்லாமல், நால்வரும் இடம் மாறி மாறி இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் மற்ற மூவரின் வேலையும் தெரிந்திருந்தால்தான் இது நடக்கும். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் அவர் இடத்துக்குப் போக வேண்டும். ஒருவருக்கொருவர் கற்பிக்கும் பள்ளியில் வளர்ந்தவர்களுக்கு இது கூடிவந்ததில் வியப்பில்லை.

பாஸ்லி எதையும் வழக்கம் என்பதற்காக ஏற்கவில்லை. வெட்டச்சொல்லி, நேரம் பார்த்து, மாற்றி, மறுபடி வெட்டச்சொன்னார். முற்றுகை வேலைகள் பற்றி 1829-இல் சாத்தத்தில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே, விதிகள் பெரும்பாலும் சோதனையிலிருந்து பெற்றவை என்று குறிப்பிட்டார். அதிகாரம் மிகுந்த துறையில் ஒருவர் துணிந்து சொன்ன சொல் அது. மேலதிகாரிகளோடு அவருக்கு உரசல் இல்லாத காலம் குறைவு.

1813 கோடையில் சான் செபாஸ்டியன் முற்றுகைக்குச் சாத்தத்தில் பயின்ற முதல் சாப்பர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயும் இழப்பு கடுமைதான். முதல் தாக்குதல் தோற்று, ஆகஸ்ட் 31-இல்தான் ஊர் பிடிபட்டது. ஒரே ஆண்டில் ஒரு பள்ளி போரின் போக்கை மாற்றிவிட்டது என்று எழுதுவது பொய்யாகும். அந்தப் பள்ளி உண்டாக்கிய மாற்றம் போர் முடிந்த பிறகே விரிவாகத் தெரிந்தது. 1824-இல் அயர்லாந்து முழுவதையும் மைலுக்கு ஆறு அங்குல அளவில் வரைபடமாக்க முடிவானபோது, அந்த வேலைக்கென்றே புதிய சாப்பர் அணிகள் சாத்தத்தில் திரட்டப்பட்டு, பாஸ்லியிடம் நில அளவை பயின்று போயின. முன்பு அதிகாரி மட்டும் தொட்ட கருவிகளைக் கார்ப்பரல்கள் கையாண்டு, கோணம் அளந்து, கணக்கிட்டு, வரைந்தார்கள். 1837-இல் ஜார்ஜ் கிரே வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஆய்வுப் பயணம் புறப்பட்டபோது கோல்ஸ், ஆகர் என்ற இரண்டு சாப்பர்கள் கூடப் போனார்கள். நம்பி அனுப்பக்கூடிய, கணக்கும் கைவேலையும் ஒருங்கே தெரிந்த ஆள் வேண்டுமென்றால் சாப்பர் படையைக் கேட்பது ஒரு பழக்கமாகிவிட்டது.

கம்பெனியும் கேட்டது. கிராய்டனுக்கு அருகே அடிஸ்கோம்பில் 1809 முதல் கம்பெனியின் ராணுவக் கல்லூரி நடந்துவந்தது. அங்கே பொறியாளர் பிரிவுக்குத் தேர்வானவர்கள் கப்பலேறுவதற்கு முன் சாத்தத்தில் பாஸ்லியிடம் பயின்றார்கள். பிற்காலத்தில் இந்தியத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட் நேப்பியர் அவர்களில் ஒருவர். சாத்தத்தை முடித்து 1828-இல் கல்கத்தா வந்தார். பாஸ்லியே 1855 வரை அடிஸ்கோம்பில் தேர்வாளராகவும் இருந்தார். இந்தியாவில் அணையும் பாலமும் பாதையும் கட்டிய கம்பெனிப் பொறியாளர்கள் பலரின் கையில் அவருடைய பயிற்சி இருந்தது.

ஆனால் இந்தப் பாதை ஒருவழிப் பாதை. 1780-இல் சென்னை மாகாணத்தில் திரட்டப்பட்ட முன்னோடிப் படை 1831-இல் மதராஸ் சாப்பர்கள், சுரங்கக்காரர்கள் படை ஆனது. தமிழும் தெலுங்கும் பேசிய அந்த ஆட்களை இன்றுவரை படையில் 'தம்பி' என்று அழைப்பார்கள். கோட்டை தகர்ப்பதிலும் பாலம் போடுவதிலும் அவர்கள் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. இருந்தும் அவர்களில் ஒருவர் முழு அதிகாரம் பெற்ற பொறியாளர் அதிகாரியாவதற்கு அந்த நூற்றாண்டு முடியும்வரை கதவு திறக்கவில்லை. எழும்பூரில் மணலில் தொடங்கிய முறை பிளிமத்துக்கும் சாத்தத்துக்கும் போய் வடிவியலாக வளர்ந்தது. அந்த வளர்ச்சி எழும்பூர்க்காரனுக்குத் திரும்பி வந்தபோது, மேலே நிற்கும் அதிகாரியின் தலைக்குள் மட்டும் வந்தது. பாஸ்லியின் முறையில் குறையில்லை. அவர் நம்பிய பேரரசின் இயல்பு அது.

சாத்தத்தில் அவர் தொட்ட மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1826 முதல் சிமெண்ட் சோதனைகள்: மெட்வே ஆற்றின் நீலக் களிமண்ணையும் சுண்ணாம்புப் பாறையையும் கலந்து சுட்டுச் செயற்கைச் சிமெண்ட் செய்தார். அதன் பலத்தைச் சோதிக்க, சுவரிலிருந்து கிடையாக ஒரு செங்கல்லை ஒட்டி, அது காய்ந்ததும் அதன் முனையில் அடுத்ததை ஒட்டி, அந்தரத்தில் நீண்டுகொண்டே போகும் வரிசை எந்தச் செங்கல்லில் முறிகிறது என்று பார்ப்பார்கள். கொத்தனார் ஒருவர் கண்ணாலேயே தீர்ப்புச் சொல்லக்கூடிய சோதனை அது. 1838-இல் சுண்ணாம்பு, சிமெண்ட் பற்றிய நூல் வந்தது. 1834-இல் எடை, அளவு, நாணயம் மூன்றையும் தசம முறைக்கு மாற்றச் சொல்லி ஒரு நூல் எழுதினார், நாடு கேட்கவில்லை.

1782-இல் ஸ்பிட்ஹெட் நங்கூரத் துறையில் 800-க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கிய 'ராயல் ஜார்ஜ்' போர்க்கப்பல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கப்பல்களுக்கு இடைஞ்சலாகக் கிடந்தது. 1839 முதல் 1843 வரை ஒவ்வொரு கோடையிலும் பாஸ்லி அதைக் கடலடியில் வெடிவைத்து அகற்றினார். வெடிமருந்தை மின்கலத்தால் பற்றவைத்தார். அகஸ்டஸ் சீபே செய்த மூடிய நீர்மூழ்கு உடையை அணிந்து இறங்கியவர்கள் சாப்பர்கள்தான்: கார்ப்பரல் ஜோன்ஸ், ஹாரிஸ், கிர்வான். ஒருநாள் ஜோன்ஸும் கிர்வானும் கடலடியில் ஒரே மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு, விட்டுக்கொடுக்காமல் சண்டைக்குப் போய்விட்டார்கள். உதைத்ததில் கிர்வானின் தலைக்கவசக் கண்ணாடி உடைந்து, தண்ணீர் புகுந்து, அவரை அவசரமாக மேலே இழுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருவரும் இணக்கமாகவே வேலைசெய்தார்கள்.

1841-இல் பாஸ்லி மேஜர் ஜெனரலாகி, ரயில்வேக்களின் தலைமை ஆய்வாளராகச் சாத்தத்தை விட்டுப் போனார். ஐந்தாண்டுகள் அந்த வேலை. புதிய பாதைகளைத் திறக்குமுன் சோதிப்பது. வாழ்நாள் உழைப்பின் கனம் அதில் இல்லை. 1846-இல் சர் பட்டம் வந்தது. 1861 ஏப்ரல் 19-இல் லண்டனில் காலமானார். மகன் சார்லஸும் பொறியாளர் படையில் சேர்ந்து, ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பொதுப்பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர்.

பாஸ்லி உயிரோடிருக்கும்போதே ஒரு பெரிய மாற்றம் நடந்தது. அதிகாரிகள் மட்டும் அடங்கிய பொறியாளர் படையும் சாதாரண வீரர்கள் அடங்கிய சாப்பர் படையும் தனித்தனியாக இருந்தவை, 1856 அக்டோபரில் ஒரே படையாக இணைந்தன. சிப்பாய் அதிகாரியாவது அப்போதும் அரிது என்பதால் இதை அதிகமாகக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனாலும் வடிவியல் தெரிந்த கார்ப்பரலைக் கூலியாளாக நடத்துவது அதற்குள் முடியாத காரியமாகிவிட்டிருந்தது.

சாத்தத்தின் கல்வியை ஆராய விரும்புகிறவர்கள் பாஸ்லியின் தொகுதிகளுக்கு முன்னால் இன்னொரு நூலைத் திறக்க வேண்டும் என்பேன். அரச சாப்பர்கள் படையின் வரலாறு, இரண்டு தொகுதிகள், 1855. எழுதியவர் தாமஸ் கொனொலி, அந்தப் படையில் அதிகாரியல்லாத நிலையிலிருந்து படிப்படியாக வந்தவர். ஜெனரல்களின் நினைவுக்குறிப்புகளில் எண்ணிக்கையாக மட்டும் வருகிறவர்கள் அவர் பக்கங்களில் பெயரோடும் தொழிலோடும் வருகிறார்கள்: யார் எந்தச் சுரங்கத்தில் இறங்கினார், யார் எந்த வரைபடத்தை வரைந்தார், யார் எங்கே செத்தார். கடலடியில் சண்டையிட்ட ஜோன்ஸையும் கிர்வானையும் நாம் அறிவதும் அவரால்தான்.